உடம்புக்கும் ஞாபகம் இருக்கு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் மழை விடாம பெஞ்சதாலயோ என்னவோ, வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சளி, காய்ச்சல், தடுப்பூசி, எதிர்ப்பு சக்தின்னு இத சுத்தியேதான் இருந்துச்சு. அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் ஓரமா வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். நான் டாக்டர் இல்லீங்க, குன்னூர்ல ரொம்ப வருஷம் பிள்ளைங்களுக்கு உயிரியல் பாடம் நடத்தினவன். எந்த மருந்து, எத்தன மாத்திரைங்கறத உங்க டாக்டர்கிட்டதான் கேட்டுக்கணும், உடம்பு எப்படி வேல செய்யுதுங்கறத மட்டும் எனக்கு தெரிஞ்ச அளவுல சொல்றேன்.

"பனியில போனா சளி பிடிக்கும்னு எங்க அத்தை குழந்தைய வெளியவே விட மாட்டேங்கறாங்க. எங்க வீட்டுக்காரரோ குளிருக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்ல, வைரஸ்தான் காரணம்னு சண்ட போடறாரு. யார் சொல்றது சரி?" – வாசகி, கோத்தகிரி

ரெண்டு பேரும் சரிதாம்மா, சண்ட வேண்டாம். வைரஸ் உள்ள போகாம சளி பிடிக்காது, எவ்வளவு பனியில நின்னாலும் சரி. ஆனா அத்தை சொல்றதுலயும் விஷயம் இருக்கு. சளிக்கு பெரும்பாலும் காரணமா இருக்கற ரைனோவைரஸுக்கு நம்ம உடம்போட 37 டிகிரி சூடு அவ்வளவா ஒத்துக்காது, மூக்குக்குள்ள இருக்கற 33 டிகிரிதான் அதுக்கு தோதான எடம். இது ஏன்னு அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல அகிகோ இவாசாகியும் அவங்க கூட வேல செஞ்சவங்களும் எலியோட மூச்சுக்குழாய் செல்கள வெச்சு பாத்து 2015ல சொன்னாங்க: குளுந்த நெலமையில செல்லோட அலாரமே மந்தமா அடிக்குது. அந்த அலாரத்துக்கு பேரு இன்டர்ஃபெரான், வைரஸ் புகுந்த செல் தன் பக்கத்துல இருக்கற செல்லுங்களுக்கு 'கதவ சாத்திக்கோங்க'ன்னு அனுப்பற சேதி அது, 1957ல லண்டன்ல ஐசக்ஸும் லிண்டன்மேனும் கண்டுபுடிச்சது. மூக்கு நல்லா குளுந்து போச்சுன்னா இந்த சேதி கம்மியா போகுது, வைரஸ் சுலபமா பெருகிக்குது.

இன்னொன்னும் சேத்துக்கோங்க, குளிர் காலத்துல நாம ஜன்னல் கதவெல்லாம் அடச்சுட்டு ஒரே ரூம்ல நாலஞ்சு பேரா உக்காந்திருக்கோம், ஒருத்தர் தும்மினா எல்லாருக்கும் பங்கு. அதனால குழந்தைக்கு குல்லா, ஸ்வெட்டர் போட்டு தாராளமா வெளிய விடுங்க, வீட்டுல பகல்ல கொஞ்ச நேரம் ஜன்னல தொறந்து வைங்க. நம்ம ஊர் யூகலிப்டஸ் தைலம் பத்தியும் கேட்டிருந்தீங்க. அந்த வாசன மூக்கு தொறந்த மாதிரி இதமா இருக்கும், ஆனா அது வைரஸ விரட்டாது. சின்ன குழந்தைக்கு மூக்குல தடவறது கூடாது, ஒரு சொட்டு கூட உள்ளுக்கு குடுத்துடாதீங்க, வலிப்பு வர்ற அளவுக்கு விஷமாயிடும். பாட்டில உயரமா எடுத்து வைங்க.

"டவுன்ல எந்த கடைக்கு போனாலும் இம்யூனிட்டி பூஸ்டர்னு பவுடரும் கஷாயமும் மாத்திரையுமா இருக்கு. நாங்களும் மாசாமாசம் வாங்கறோம். இதனால எதிர்ப்பு சக்தி ஏறுமா?" – வாசகர், அரவங்காடு

'சக்தி'ங்கற வார்த்தைதான் நம்மள கொழப்புதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். சக்தின்னு சொன்னதும் பேட்டரி மாதிரி ஒன்னு உடம்புக்குள்ள இருக்கு, எறங்கிடுச்சுன்னா ஏத்திக்கலாம்னு தோணிடுது. உள்ள நடக்கறது அப்படி இல்லீங்க, அது படிப்பு மாதிரி, எதிரி யாருன்னு கத்துக்கறது, கத்துக்கிட்டத ஞாபகம் வெச்சுக்கறது, வேல முடிஞ்சதும் கைய கட்டிக்கிட்டு நிக்கறது, இந்த மூணும் சேந்ததுதான்.

அந்த மூணாவது இருக்கு பாருங்க, அத யாரும் கவனிக்கறதே இல்ல. வேகம் கூடினா நல்லதுன்னு நெனைக்கறோம், ஆனா பூவோட மகரந்தத்த பாத்து எதிரின்னு கிளம்பறதுதான் அலர்ஜி, சொந்த மூட்டுங்களையே தாக்கறதுதான் ருமாட்டாய்டுங்கற மூட்டுவாதம், கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்ல அழிக்கறதுதான் குழந்தைங்களுக்கு வர்ற டைப் 1 சர்க்கர. இங்கெல்லாம் சக்திக்கு கொறவே இல்ல, அடக்கறதுக்குதான் ஆள் இல்ல. அப்படி அடக்கி வைக்கன்னே தனியா ஒரு செல் கூட்டம் இருக்குன்னு ஜப்பான்ல ஷிமோன் சகாகுச்சி பல வருஷமா சொல்லிட்டிருந்தாரு, அந்த காலத்துல நெறைய பேரு நம்பல, 1995ல அந்த செல்ல அடையாளம் காட்டினாரு. 2001ல மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஒரு நோஞ்சான் எலி வகைய வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு ஃபாக்ஸ்பி3ங்கற ஜீன கண்டுபுடிச்சாங்க, அந்த ஜீன் பழுதானா உடம்பு தன்னையே அழிச்சுக்கும், மனுஷங்கள்லயும் அப்படித்தான். அந்த அடக்கற செல்லுங்கள உருவாக்கறதே அந்த ஜீன்தான்னு அப்புறம் தெரிஞ்சது. மூணு பேருக்கும் 2025ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. பூஸ்டர்னு போர்டு மாட்டற எல்லாரும் இந்த ஒரு விஷயத்த படிக்கணும்னு எனக்கு ஆச.

அப்ப சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, நெறைய இருக்கு, பட்டினி கிடக்கற உடம்பு சண்ட போடாது. இத தேடி ஆராய்ச்சி பண்ணினது நம்ம குன்னூர்லயேதான். ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் 1918ல நாய்க்கடி ஊசிக்காக இங்க இருக்கற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஒரு ரூம்ல, வைட்டமின் பி1 கொறஞ்சா வர்ற பெரிபெரி நோய பத்தி ஆராய ஆரம்பிச்சாரு, அப்புறம் எலிங்களுக்கு நாட்டுல ஒவ்வொரு பக்கத்து சாப்பாட்டையும் தனித்தனியா போட்டு வளத்து பாத்தாரு. சப்பாத்தி, பால், வெண்ணெய், மொளகட்டின பயறு, காய்னு பஞ்சாப் பக்கத்து சாப்பாடு சாப்பிட்ட எலி நல்லா இருந்துச்சு, தீட்டின அரிசியே பெரும்பங்கா இருந்த சாப்பாட்டுல வளந்தது நலிஞ்சு போச்சு. அந்த ஒரு ரூம் ஆராய்ச்சிதான் வளந்து 1958ல ஹைதராபாத்துக்கு போய் இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. நீங்க பவுடருக்கு செலவு பண்ற காசுல முட்டையும் பயறும் கீரையும் வாங்குங்க. நம்ம தோட்டத்து கேரட், பீன்ஸ் இருக்கவே இருக்கு.

"ஐயா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஒரு கிருமிய உடம்பு முன்னப்பின்ன பாத்ததே இல்லன்னாலும் அதுக்கு சரியான ஆன்டிபாடிய எப்படி செய்யுது? புக்ல படிச்சும் புரியல." – மாணவி, ஊட்டி

நல்ல கேள்வி கண்ணு, இதுல பெரிய பெரிய விஞ்ஞானிங்களே அம்பது வருஷம் தடுமாறினாங்க. ஆன்டிபாடிங்கறது கிருமியோட ஒட்டிக்கிட்டு அத மடக்கறதுக்கு உடம்பு செய்யற புரதம். கிருமிய பாத்து அளவெடுத்து அதுக்கேத்த மாதிரி ஆன்டிபாடி வளஞ்சு குடுக்குதுன்னுதான் ரொம்ப காலம் நெனச்சாங்க, டெய்லர் அளவெடுத்து தைக்கற மாதிரி. உண்மையில அது டெய்லர் கட இல்ல, உங்க ஊர்ல வரிசையா இருக்கே ஸ்வெட்டர் கடைங்க, அந்த மாதிரி. ஆள் வர்றதுக்கு முன்னாடியே எல்லா சைஸும் பின்னி மாட்டியிருக்கும், வந்தவருக்கு எது பொருந்துதோ அத எடுத்து, அதே மாதிரி ஆயிரக்கணக்குல பின்ன ஆர்டர் போடறாங்க. பி செல்லுன்னு ஒரு வகை வெள்ள அணு இருக்கு, அதுல ஒவ்வொன்னும் ஒரே ஒரு டிசைன் ஆன்டிபாடிய தன் மேல மாட்டிக்கிட்டு ரத்தத்துல சுத்துது, கிருமி எதோட ஒட்டுதோ அந்த செல் மட்டும் பெருகுது. இதத்தான் 1957ல ஆஸ்திரேலியாவுல மெக்ஃபார்லேன் பர்னெட் சொன்னாரு. நமக்கு வந்த காய்ச்சல் கொணமாக ஒரு வாரம் ஆகறது பாதி இதுக்குதான், ஆர்டர் போட்ட சரக்கு ரெடியாகற நேரம்.

சரி, கோடிக்கணக்கான டிசைனுக்கு ஜீன் எங்க இருந்து வந்துச்சு? மனுஷனுக்கு மொத்தமே இருவதாயிரம் ஜீன் போலத்தான் இருக்கு. இதுக்கு பதில் சொன்னவர் சுசுமு டோனெகாவா, 1976ல. ஆன்டிபாடிக்கு முழு ஜீனா இல்ல, துண்டு துண்டா இருக்கு, ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது அந்த துண்டுங்கள சீட்டுக்கட்ட கலைக்கற மாதிரி கலச்சு வேற வேற விதமா ஒட்டிக்குது. நம்ம உடம்புல மத்த செல்லெல்லாம் அப்பா அம்மா குடுத்த டிஎன்ஏவ அப்படியே வெச்சிருக்கும், இந்த பி செல்லும், கிருமியோட சண்ட போடற இன்னொரு வெள்ள அணுவான டி செல்லும் மட்டும் வெட்டி ஒட்டிக்குது, இத மொத தடவ படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அவருக்கு 1987ல நோபல் கெடச்சுது.

இப்படி கண்ண மூடிக்கிட்டு கலச்சா நம்ம சொந்த உடம்போட ஒட்டற டிசைனும் வருமேன்னு நீ கேக்கணும், கேட்டேன்னா உனக்கு புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். வரும். டி செல்லுங்களுக்கு அத வடிகட்டற பள்ளிக்கூடம் நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கற தைமஸ், உள்ள போறதுல பெரும்பாலானது வெளிய வர்றதே இல்ல, அங்கயே செத்துப் போகுது. 1961 வரைக்கும் தைமஸ ஒன்னுத்துக்கும் உதவாத உறுப்புன்னு நெனச்சிட்டிருந்தாங்க, ஜாக் மில்லர்தான் பொறந்த எலிக்குட்டியில அத எடுத்துட்டா எதிர்ப்பே வராம போகுதுன்னு காட்டினாரு. பி செல்லுக்கு பேர் வந்த கதை கோழியில இருக்கு. ப்ரூஸ் கிளிக்னு ஒரு மாணவர் 1950கள்ல கோழியோட பின்பக்கத்துல இருக்கற பர்ஸாங்கற பைய வெட்டி எடுத்துட்டா அந்த கோழி ஆன்டிபாடி செய்யறதில்லன்னு பாத்தாரு, பெரிய பத்திரிகை ஒன்னு அந்த கட்டுரைய திருப்பி அனுப்பிடுச்சு, 1956ல கோழி வளர்ப்பு பத்தின பத்திரிகையில போட்டாங்க, அத பல வருஷம் யாரும் கண்டுக்கல. அந்த பர்ஸாவோட முதல் எழுத்துதான் உன் புக்ல இருக்கற 'பி'. இங்கிலீஷ்ல தைமஸோட முதல் எழுத்து 'டி'.

"எங்க லைன் வீட்டுகிட்ட நாய்த்தொல்ல அதிகம். எங்கப்பா காலத்துல வயித்துல 14 ஊசி போட்டாங்களாம், இப்ப கையில நாலுதான் போடறாங்க, இது போதுமா? கடிச்சதுக்கு அப்புறம் போடற தடுப்பூசி எப்படி தடுக்கும்?" – வாசகர், குன்னூர்

நம்ம ஊர் கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன்.

ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல. ரேபிஸ் வைரஸ் கடிச்ச எடத்துல இருந்து ரத்தத்துல போகாம நரம்பு வழியா மூளைய நோக்கி மெதுவா ஏறுது, பெரும்பாலும் வாரக்கணக்குல, மாசக்கணக்குல ஆகும். அது மூளைக்கு போய் சேர்றதுக்கு முன்னாடி நாம உடம்புக்கு எதிரிய காட்டி குடுத்து ஆன்டிபாடி செய்ய வெச்சுட்டா ஜெயிச்சோம், இது ஒரு ஓட்டப்பந்தயம். 1885 ஜூலை 6ம் தேதி பாரிஸ்ல லூயி பாஸ்டர் ஜோசஃப் மைஸ்டர்ங்கற 9 வயசு பையனுக்கு இந்த நம்பிக்கையிலதான் ஊசி போட வெச்சாரு, காய வெச்ச முயல் தண்டுவடத்துல இருந்து எடுத்த மருந்து, பையன் பொழச்சுக்கிட்டான். அப்ப ஆன்டிபாடின்னு ஒன்னு இருக்கறதே யாருக்கும் தெரியாது. முகத்துல, கழுத்துல, கை விரல்ல கடிச்சா தூரம் கம்மி, நரம்பும் அதிகம், அதனாலதான் டாக்டருங்க அவ்வளவு அவசரப்படுத்தறாங்க.

இந்தியாவுல இந்த ஊசி போட 1900ல இமாச்சல் பக்கம் கசௌலியில ஒரு பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்துச்சு. தெக்க இருக்கறவங்க நாய் கடிச்சா ரயில் புடிச்சு அவ்வளவு தூரம் போகணும், போய் சேர்றதுக்குள்ள பந்தயம் பாதி முடிஞ்சிடும். அதனால 1907ல நம்ம குன்னூர்ல, சிம்ஸ் பார்க்குக்கு எதிர்ல, தென்னிந்தியாவுக்குன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க.

அந்த 14 ஊசி ஆட்டு மூளையில வைரஸ வளத்து, அத கொன்னு செஞ்ச மருந்து. உயிர காப்பாத்திச்சு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அதுல வைரஸ் மட்டுமா இருந்துச்சு, மூளையோட பொருளும் கூடவே போச்சு. நரம்ப சுத்தி மயலின்னு ஒரு உறை இருக்கு, ஆட்டோடதும் நம்மளோடதும் ரொம்ப ஒத்துப் போகும், சில பேருக்கு உடம்பு அதையும் எதிரின்னு கத்துக்கிட்டு சொந்த நரம்பையே தாக்கி பக்கவாதம் மாதிரி கை கால் விழுந்து போச்சு. என்னோட சின்ன வயசுல எங்க தெருவுல ஒருத்தர் ஊசி போட்டு பல மாசம் கால் இழுத்து நடந்தத பாத்திருக்கேன், அவங்க வீட்டுல நாய் விஷம்னுதான் சொன்னாங்க. இந்த விபத்து ஏன் வருதுன்னு தேடித்தான் 1933ல அமெரிக்காவுல தாமஸ் ரிவர்ஸ் குரங்குங்களுக்கு வைரஸே இல்லாத வெறும் முயல் மூளைய திரும்பத் திரும்ப ஊசியா போட்டு பாத்தாரு, அதுங்களுக்கும் அதே மாதிரி வந்துச்சு. உடம்பு தன்னையே தாக்கும்ங்கறதுக்கு அது பெரிய சாட்சியா போச்சு, இன்னிக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்ங்கற நரம்பு நோய்க்கு மருந்து தேடறவங்க கூட அந்த வழியிலதான் எலிங்கள்ல சோதனை பண்றாங்க. நாய்க்கடி ஊசியில இருந்து எங்க போய் நிக்குது பாருங்க.

இப்ப மூளையே கெடையாது, கொரங்கோட சிறுநீரகத்துல இருந்து வந்த வீரோங்கற செல்ல கண்ணாடி பாட்டில்ல வளத்து அதுல வைரஸ பெருக்கி, கொன்னு, சுத்தம் பண்ணி எடுக்கறாங்க, குன்னூர்லயும் இந்த முறைக்கு மாறினாங்க. அதனால கொஞ்சூண்டு போதும். அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடற முறையில கடிச்ச அன்னிக்கு, அப்புறம் 3வது நாள், 7வது நாள், 28வது நாள், அவ்வளவுதான், ஆனா ஒன்னு கூட விடக்கூடாது. ஊசிக்கு ஆன்டிபாடி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள ஆபத்து வராம இருக்க ரத்தம் வர்ற காயமா இருந்தா, வேற உடம்புல செஞ்ச ரெடிமேட் ஆன்டிபாடிய காயத்துலயே போடுவாங்க, இம்யூனோகுளோபுலின்னு பேரு, அத கேட்டு வாங்கிக்கோங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, கடிச்ச ஒடனே, குழாய தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. இந்த வைரஸுக்கு கொழுப்பு உறை உண்டு, சோப்பு அத கரைச்சிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி எதுவும் வைக்காதீங்க. கொரங்கு கடிச்சாலும் இதேதான்.

"தேயில கவாத்து வெட்டும்போது கையில அடிக்கடி கத்தி பட்டுடுது. ஒவ்வொரு தடவையும் டிடி ஊசி போடணுமா?" – வாசகர், மஞ்சூர்

வேண்டியதில்லீங்க. சின்ன வயசுல இருந்து முழுசா போட்டிருந்தா சுத்தமான காயத்துக்கு பத்து வருஷம் தாங்கும், மண்ணு சாணி பட்ட காயம்னா கடைசி ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா போட்டுக்கணும். தேதிய ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கோங்க. ஒரு ஆச்சரியம் என்னன்னா, டெட்டனஸ், அதாவது ரண ஜன்னி, வந்து பொழச்சவருக்கும் இந்த ஊசி போட்டாகணும், அந்த கிருமியோட விஷம் அவ்வளவு கொஞ்சமா இருந்தே ஆள கொல்லும், உடம்பு கத்துக்கற அளவுக்கு கூட இருக்காது.

"என் பையனுக்கு சிக்கிள் செல் இருக்கு. தெனமும் பென்சிலின் மாத்திர குடுக்கறாங்க, நிமோனியா ஊசியும் போட்டாங்க. ரத்த நோய்க்கு எதுக்கு இதெல்லாம்?" – ஒரு தாய், கூடலூர்

தைரியமா குடுங்கம்மா, அது ரொம்ப முக்கியமான மாத்திர. இடது பக்கம் விலாவுக்கு கீழ மண்ணீரல்னு ஒன்னு இருக்கு, ரத்தத்த சல்லடையா சலிச்சு கிருமிய புடிக்கற எடம். நிமோனியாவ உண்டாக்கற ஒரு பாக்டீரியா தன்ன சுத்தி சர்க்கரையில வழுவழுன்னு ஒரு சட்ட போட்டிருக்கும், மத்த வெள்ள அணுக்கள் புடிச்சா வழுக்கிட்டு போயிடும், அத புடிக்கறதுல மண்ணீரல்தான் கெட்டிக்காரன். சிக்கிள் செல்லுல ரத்த அணு அரிவாள் மாதிரி வளஞ்சு அந்த சல்லடையிலயே சிக்கி சிக்கி சின்ன வயசுலேயே அத கெடுத்துடுது. சல்லடை செய்யற வேலைய மாத்திரையும் ஊசியும் செய்யுது, அவ்வளவுதான் விஷயம். காய்ச்சல் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. நீங்க ஒன்னும் தப்பு பண்ணல, யாரும் அப்படி சொல்ல விடாதீங்க. அப்பா அம்மாகிட்ட இருந்து பாதி பாதியா வர்றது இது, ஒரு பாதி மட்டும் இருந்தா மலேரியாவுல இருந்து காப்பாத்தும், அதனாலதான் மலேரியா இருந்த காட்டுப்பக்கத்து மக்கள்கிட்ட தலைமுறை தலைமுறையா தங்கியிருக்கு. நம்ம நாட்டுலயே இத மொதல்ல பாத்து 1952ல எழுதினது நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள்.

"தட்டம்மை ஒருதடவ வந்தா திரும்ப வராதுங்கறாங்க, அப்ப ஊசி எதுக்கு, வந்துட்டு போகட்டுமே? சளி மட்டும் ஏன் வருஷம் பூரா வருது?" – வாசகர், வெலிங்டன்

சளிக்கு பதில் சுலபம், ரைனோவைரஸ்லயே நூத்துக்கு மேல வகை இருக்கு, ஒன்ன கத்துக்கிட்டா அடுத்தது வேற சட்ட போட்டுட்டு வருது.

தட்டம்மை ஞாபகம் நெசமாவே ஆயுசுக்கும் நிக்கும். 1846ல வட அட்லாண்டிக் கடல்ல இருக்கற ஃபேரோ தீவுங்கள்ல தட்டம்மை பரவினப்ப பானும்னு ஒரு இளம் டாக்டர் போய் பாத்தாரு, அதுக்கு முன்னாடி அங்க அந்த நோய் வந்தது 1781ல, 65 வருஷம் முன்னாடி, அப்ப வந்து பொழச்ச கிழவங்க யாருக்கும் இப்ப வரவே இல்லன்னு எழுதி வெச்சாரு. எல்லா பக்கமும் கடல், வெளியாள் வரவு கம்மி, அதனால அவ்வளவு தெளிவா தெரிஞ்சது. ரோடு வர்றதுக்கு முன்னாடி நம்ம மலையும் அப்படி ஒரு தீவுதான்.

ஆனா 'வந்துட்டு போகட்டும்'னு மட்டும் நெனச்சுடாதீங்க. இந்த வைரஸ் ஞாபகம் வெச்சிருக்கற செல்லுங்களுக்குள்ளயே புகுந்து பெருகுது. ஊசி போடாத குழந்தைங்களுக்கு தட்டம்மை வர்றதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் எடுத்த ரத்தத்த ஒப்பிட்டு 2019ல ஸ்டீஃபன் எலெட்ஜோட ஆய்வுக்கூடத்துல பாத்தாங்க, ஏற்கனவே மத்த கிருமிங்களுக்கு எதிரா வெச்சிருந்த ஆன்டிபாடி வகைகள்ல 11 சதவீதத்துல இருந்து 73 சதவீதம் வரைக்கும் அழிஞ்சு போயிருந்துச்சு. குழந்த பொறந்ததுல இருந்து ஒவ்வொரு காய்ச்சலா பட்டு படிச்ச பாடத்த அழிச்சுட்டு போகுது, மறுபடி மொதல்ல இருந்து படிக்கணும், அதுக்குள்ள வேற நோய் வந்து கொண்டு போயிடலாம். ஊசியில இருக்கறது பலவீனமாக்கின வைரஸ், பாடத்த சொல்லிக் குடுக்கும், பழசு எதையும் அழிக்காது.

தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேத்து போடற எம்.ஆர் ஊசி 9 மாசம் முடிஞ்சதும் ஒன்னு, 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொன்னு, ரெண்டும் போடணும். உங்க வீட்டு குழந்தையோட தடுப்பூசி கார்ட எடுத்து பாருங்க, ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா வர்ற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போயிடுங்க, காசு கெடையாது.